கதவைத் திறந்தது எது? அமெரிக்கா ஒதுங்கியிருந்ததும் உலக அரங்குக்கு வந்ததும்

வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரியில் தொடங்கிய தொடர் போராட்டத்தின் பந்தலுக்குப் போனவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். பிள்ளைகளின் படங்களைப் பிடித்திருந்த அம்மாக்களின் கைகளில் அமெரிக்கக் கொடியும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியும் இருந்தன. கொழும்புப் பத்திரிகைகள் அதைக் கேலி செய்தன. எங்களவர்களிலும் சிலர் சங்கடப்பட்டார்கள். குறிப்பெடுத்து முடித்து நான் எழும்பியபோது அங்கிருந்த ஓர் அம்மா கேட்டார்: “பிள்ளை, அமெரிக்கா ஒருநாள் வரும் எல்லோ?”

“தெரியாது அம்மா” என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

அந்தக் கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வி இருக்கிறது: வெளியுலகச் சண்டைகளில் தலையிட மாட்டோம் என்று ஏறக்குறைய 150 ஆண்டுகள் சொல்லிவந்த ஒரு நாடு, எதனால் வெளியே வந்தது? இந்தக் கேள்விக்கு வாக்கெடுப்புகளாகவும் சட்டங்களாகவும் பதிவான பதில் உண்டு. “சர்வதேச சமூகம்” என்ற சொல்லை எங்களைப் போலப் பல ஆண்டுகள் காதில் வாங்கிய மக்கள் இந்தப் பதிலைத் தெரிந்து வைத்திருப்பது பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒதுங்கியிருத்தல் என்றால் என்ன?

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1796இல் பதவி விலகும்போது நாட்டு மக்களுக்கு ஒரு விடைபெறும் உரையை எழுதினார். அது மேடையில் பேசப்பட்டதல்ல, பத்திரிகையில் வெளியானது. வெளிநாடுகளுடன் வணிகம் செய்யலாம், ஆனால் நிரந்தரக் கூட்டணிகளில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பது அதன் சாரம். பிரித்தானியாவும் பிரான்ஸும் மோதிக்கொண்டிருந்த காலம் அது. புதிதாகப் பிறந்த பலவீனமான ஒரு நாட்டுக்கு அது புத்திசாலித்தனமான ஆலோசனை. சுதந்திரப் போரின்போது பிரான்ஸுடன் செய்துகொண்ட கூட்டணி 1800இல் முடிவுக்கு வந்தது. அதற்குப் பிறகு 1949 வரை எந்தவோர் ஐரோப்பிய நாட்டுடனும் அமைதிக்கால இராணுவக் கூட்டணி ஒன்றை அமெரிக்கா செய்துகொள்ளவில்லை.

1823இல் ஜனாதிபதி மன்றோ இதற்கு இன்னொரு பக்கத்தைச் சேர்த்தார். ஐரோப்பா அமெரிக்கக் கண்டங்களில் புதிதாகக் குடியேற்றங்களை ஏற்படுத்தக் கூடாது, நாங்களும் ஐரோப்பியச் சண்டைகளுக்குள் வரமாட்டோம் என்பது அவருடைய கொள்கை.

இங்கே ஒரு தெளிவு தேவை. ஒதுங்கியிருந்தது என்பதால் அமெரிக்கா யாரையும் தொடாமல் இருந்தது என்று பொருளில்லை. பூர்வகுடிகளின் நிலங்களை எடுத்தது. 1846 தொடக்கம் 1848 வரை மெக்சிகோவுடன் போர் செய்து பெரும் நிலப்பரப்பைப் பெற்றது. 1854இல் போர்க்கப்பல்களைக் காட்டி ஜப்பானைத் துறைமுகங்களைத் திறக்க வைத்தது. 1898இல் ஸ்பெயினைத் தோற்கடித்து புவேர்ட்டோ ரிக்கோவையும் குவாமையும் எடுத்தது. பிலிப்பைன்ஸை 20 மில்லியன் டொலர் கொடுத்துப் பெற்று, அங்கே சுதந்திரம் கேட்டவர்களுடன் போர் நடத்தியது. ஆகவே ஒதுங்கியிருத்தல் என்பதன் உண்மையான பொருள் குறுகியது: வேறு யாருக்காகவும் சண்டை பிடிக்கிறோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்க மாட்டோம் என்பதுதான் அது.

வந்தார்கள், திரும்பிப் போனார்கள்

முதலாம் உலகப் போர் 1914இல் தொடங்கியபோது அமெரிக்கா நடுநிலை வகித்தது. 1916 தேர்தலில், நாட்டைப் போருக்கு வெளியே வைத்திருந்தவர் என்ற பெருமையோடு வூட்ரோ வில்சன் மீண்டும் ஜனாதிபதியானார். ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், 1917 ஏப்ரல் 6இல், அதே வில்சனின் வேண்டுகோளின் பேரில் காங்கிரஸ் ஜேர்மனிமீது போர்ப் பிரகடனம் செய்தது. ஜேர்மனியின் நீர்மூழ்கிகள் எந்தக் கட்டுப்பாடுமின்றிக் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கியிருந்தன. அமெரிக்காவுக்கு எதிராகத் தன்னோடு சேரும்படி மெக்சிகோவைக் கேட்ட ஜேர்மனியின் இரகசியத் தந்தியும் வெளியாகியிருந்தது. பெல்ஜியத்தில் பொதுமக்கள் கொல்லப்பட்ட செய்திகள் 1914இலேயே அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்துவிட்டன. அவை அனுதாபத்தைக் கொண்டுவந்தன. படைகளைக் கொண்டுவந்தது, தங்கள் கப்பல்களும் தங்கள் எல்லையும் தொடப்பட்டதுதான்.

அந்தப் போரில் 116,000க்கும் அதிகமான அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். வில்சன் சர்வதேச சங்கம் என்ற அமைப்பை முன்வைத்தார். ஓர் உறுப்பு நாடு தாக்கப்பட்டால் மற்ற நாடுகள் அதன் எல்லைகளைப் பாதுகாக்க வேண்டும் என்று அதன் 10ஆவது உறுப்புரை சொன்னது. பிரச்சினை அங்கேதான் வந்தது. அமெரிக்கப் பிள்ளைகள் எங்கே போய்ச் சாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது காங்கிரஸா, வெளியிலுள்ள ஓர் அமைப்பா என்று செனட்டர் ஹென்றி கபொட் லொட்ஜ் தலைமையிலானவர்கள் கேட்டார்கள். திருத்தங்களை ஏற்க வில்சன் மறுத்தார். 1919 நவம்பரில் உடன்படிக்கை செனட்டில் தோற்றது. 1920 மார்ச் 19இல் 49 பேர் ஆதரவாகவும் 35 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். பெரும்பான்மை இருந்தும், மூன்றில் இரண்டு பங்குக்கு 7 வாக்குகள் குறைந்தன. தங்கள் ஜனாதிபதியே கட்டிய வீட்டுக்குள் அமெரிக்கர்கள் குடிபுகவில்லை.

சட்டம் போட்டுப் பூட்டிய கதவு

1930களில் பொருளாதார வீழ்ச்சியால் வேலையில்லாதவர்கள் வரிசையில் நின்ற அமெரிக்காவில், வெளியுலகம் குறித்த வெறுப்பு கூடியது. ஆயுதக் கம்பனிகளும் வங்கிகளும் இலாபத்துக்காக நாட்டைப் போருக்குள் இழுத்தனவா என்று 1934 தொடக்கம் 1936 வரை செனட்டர் ஜெரால்ட் நை தலைமையிலான குழு விசாரித்தது. 1935, 1936, 1937 ஆகிய ஆண்டுகளில் நடுநிலைச் சட்டங்கள் நிறைவேறின. போர் செய்யும் நாடுகளுக்கு ஆயுதம் விற்கக் கூடாது, கடன் கொடுக்கக் கூடாது என்று அவை தடுத்தன. தாக்கியவருக்கும் தாக்கப்பட்டவருக்கும் அந்தச் சட்டங்கள் வித்தியாசம் பார்க்கவில்லை. இரண்டு தரப்புக்கும் சமமான தடை, பலமானவருக்கே உதவும் என்பது ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தெரிந்தது. ஹிட்லரும் முசோலினியும் பிராங்கோவுக்கு ஆயுதம் கொடுத்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்பெயின் குடியரசு அமெரிக்காவிடம் ஆயுதம் வாங்க முடியாமல் நின்றது.

நாடு நேரடியாகத் தாக்கப்பட்டாலன்றிப் போர்ப் பிரகடனத்துக்குப் பொதுமக்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்று ஓர் அரசியலமைப்புத் திருத்தம்கூட முன்வைக்கப்பட்டது. 1938 ஜனவரியில் அது 209க்கு 188 என்ற வாக்குகளில்தான் தடுக்கப்பட்டது.

அந்தப் பூட்டிய கதவு மனிதர்களுக்கு என்ன செய்தது என்பதை ஒரு கப்பலின் கதையால் சொல்லலாம். 1939 மே மாதம் ஜேர்மனியின் ஹம்பர்க்கில் இருந்து சென். லூயிஸ் என்ற கப்பல் 937 பயணிகளோடு கியூபாவுக்குப் புறப்பட்டது. அவர்களில் ஏறக்குறைய எல்லோரும் நாசிகளிடமிருந்து தப்பி ஓடிய யூதர்கள். கியூபா 28 பேரை மட்டும் இறங்க விட்டது. கப்பல் புளோரிடாக் கரையோரமாக வந்தது. மியாமியின் விளக்குகள் தெரியும் தூரத்தில் அவர்கள் இருந்தார்கள். 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் நாடுகளுக்கு ஒதுக்கிய எண்ணிக்கையைக் காரணம் காட்டி அமெரிக்கா இறங்க அனுமதிக்கவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. பிரித்தானியா, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகள் பயணிகளைப் பிரித்து ஏற்றன. பின்னர் ஜேர்மனி ஐரோப்பாவுக்குள் புகுந்தபோது, அவர்களில் 254 பேர் இனப்படுகொலையில் இறந்தார்கள். அதே 1939இல், ஜேர்மனியிலிருந்து 20,000 அகதிச் சிறுவர்களை ஏற்கக் கோரிய சட்டமூலம் ஒன்று வாக்கெடுப்புக்கே வராமல் காங்கிரஸ் குழுவுக்குள் மடிந்துபோனது.

கரையிலிருந்து விளக்குத் தெரியும் தூரத்தில் காத்திருப்பது எப்படி என்று எங்களில் பலருக்கு விளக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு படியாக

1939 செப்டெம்பரில் போலந்து தாக்கப்பட்டது. அமெரிக்கா போருக்குப் போகவில்லை. ஆனால் இதற்குப் பிறகு 27 மாதங்களில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால், ஒரு நாடு எப்படி நகர்கிறது என்பது புரியும்.

1939 நவம்பரில் நடுநிலைச் சட்டம் திருத்தப்பட்டது. காசைக் கையில் தந்து, சொந்தக் கப்பலில் ஏற்றிப் போவதென்றால் ஆயுதம் விற்கலாம் என்று ஆனது. கடலில் பலமாக இருந்த பிரித்தானியாவுக்கு இது உதவும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. செப்டெம்பரில் 50 பழைய போர்க்கப்பல்களைப் பிரித்தானியாவுக்குக் கொடுத்த ஜனாதிபதி ரூஸ்வெல்ட், அட்லாண்டிக்கிலும் கரீபியனிலும் பிரித்தானியாவின் ஆள்புலங்களில் 99 ஆண்டுக் குத்தகையில் தளங்கள் அமைக்கும் உரிமையைப் பெற்றார். அதே மாதம் அமைதிக்காலக் கட்டாய ஆட்சேர்ப்புச் சட்டம் அமெரிக்க வரலாற்றில் முதல் தடவையாக நிறைவேறியது.

எதிர்ப்பும் அதே வேகத்தில் வளர்ந்தது. “அமெரிக்கா முதலில்” என்ற குழு 1940 செப்டெம்பரில் தொடங்கி, ஏறக்குறைய 800,000 உறுப்பினர்களைச் சேர்த்தது. விமானி சார்ள்ஸ் லிண்ட்பேர்க் அதன் முகம். எதிர்ப்பக்கத்தில், நேச நாடுகளுக்கு உதவ வேண்டும் என்று கன்சாஸ் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் அலன் வைட் தலைமையில் இன்னொரு குழு ஊரூராகக் கிளைகள் அமைத்தது. வானொலியில், தேவாலயங்களில், சாப்பாட்டு மேசைகளில் வாதம் நடந்தது. 1940 ஒக்டோபரில் ரூஸ்வெல்ட், தேர்தல் மேடையில், உங்கள் பிள்ளைகளை வெளிநாட்டுப் போருக்கு அனுப்ப மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

தேர்தலில் வென்றபின், டிசம்பரில், பத்திரிகையாளர்களுக்கு ஓர் உவமை சொன்னார். அயல்வீட்டில் தீப்பிடித்தால், குழாயின் விலையைத் தந்தால்தான் தருவேன் என்று நிற்பேனா, தீயை அணைத்தபின் குழாயைத் திருப்பித் தந்தால் போதும் என்பேனா என்ற கருத்தில் அமைந்த பேச்சு அது. அந்த உவமையின் உள்ளே இருந்த கணக்கைக் கவனிக்க வேண்டும்: அயல்வீட்டுத் தீ பரவினால் என் வீடும் எரியும். 1941 மார்ச் 11இல் கடன்–குத்தகைச் சட்டம் கையொப்பமானது. பிரதிநிதிகள் சபையில் 317க்கு 71, செனட்டில் 60க்கு 31. போர் முடியும்வரை ஏறக்குறைய 50 பில்லியன் டொலர் பெறுமதியான பொருட்கள் இதன்கீழ் போயின.

ஆனாலும் முடிவு உறுதியாகவில்லை. 1941 ஓகஸ்டில், படையில் சேர்க்கப்பட்டவர்களின் சேவைக் காலத்தை நீடிக்கும் சட்டமூலம் பிரதிநிதிகள் சபையில் 203க்கு 202 என்று ஒரேயொரு வாக்கினால் நிறைவேறியது. பேர்ள் துறைமுகம் தாக்கப்படுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர் அமெரிக்கா இருந்த நிலை இதுதான்.

அதே கோடையில் ஜப்பானின் சொத்துகளை முடக்கிய அமெரிக்கா, எண்ணெய் போவதையும் நிறுத்தியது. டிசம்பர் 7இல் ஜப்பான் ஹவாயில் இருந்த கடற்படைத் தளத்தைத் தாக்கியது. 2,400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். மறுநாள் செனட்டில் 82 பேரும் போருக்கு ஆதரவு. பிரதிநிதிகள் சபையில் 388 பேர் ஆதரவு, ஒருவர் எதிர்ப்பு. அந்த ஒருவர் ஜெனட் ராங்கின். 1917இலும் போருக்கு எதிராக வாக்களித்தவர் அவர். டிசம்பர் 11இல் ஜேர்மனியே அமெரிக்காமீது போர்ப் பிரகடனம் செய்தது. “அமெரிக்கா முதலில்” குழு கலைந்தது.

வந்தபின்னும் காப்பாற்றவில்லை

போருக்குள் வருவது வேறு, ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுவது வேறு. இந்த வேறுபாடு எங்கள் வாசகர்களுக்கு முக்கியமானது.

ஐரோப்பிய யூதர்கள் திட்டமிட்டுக் கொல்லப்படுகிறார்கள் என்று நேச நாடுகள் 1942 டிசம்பரிலேயே கூட்டாக அறிவித்தன. தகவல் இல்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. ஆனால் அகதிகளை மீட்பதற்கென ஓர் அமைப்பை அமெரிக்கா உருவாக்கியது 1944 ஜனவரியில்தான். அதற்கும் காரணம் உள்ளிருந்து வந்த நெருக்குதல். வெளிவிவகாரத் திணைக்கள அதிகாரிகள் மீட்பு முயற்சிகளையும் தகவல்களையும் தடுத்தார்கள் என்று நிதித் திணைக்களத்தின் இளம் அதிகாரிகள் ஆவணங்களோடு அறிக்கை எழுதினார்கள். நிதியமைச்சர் ஹென்றி மோர்கெந்தோ அதை ரூஸ்வெல்டிடம் கொண்டுபோனார். அதன்பின்தான் போர் அகதிகள் சபை பிறந்தது. அது பல்லாயிரக்கணக்கானோரைக் காப்பாற்ற உதவியது. அதற்குள் மில்லியன் கணக்கானவர்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள்.

சுதந்திரத்துக்காகப் போராடுவதாகச் சொன்ன அதே அரசு, 1942இல் ஏறக்குறைய 120,000 ஜப்பானிய வம்சாவளியினரை முள்வேலி முகாம்களில் அடைத்தது. அவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்கக் குடிமக்கள். உலக அரங்குக்கு வரும் நாடு தன் குறைகளையும் சுமந்துகொண்டுதான் வருகிறது.

மாறிய ஒரு மனிதர்

1920இல் போல இந்த முறையும் அமெரிக்கா திரும்பிப் போகவில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, மிச்சிகன் மாநிலச் செனட்டர் ஆர்தர் வண்டன்பேர்க்கைப் பார்க்கலாம். செனட்டுக்குப் போவதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிராண்ட் ரபிட்ஸ் நகரில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். நை குழுவில் இருந்தார். ஆயுதத் தடையை நீக்குவதை எதிர்த்தார். கடன்–குத்தகைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தார். ஒதுங்கியிருத்தலின் குரல்களில் அவருடையது முக்கியமானது.

1945 ஜனவரி 10இல் அதே வண்டன்பேர்க் செனட்டில் எழுந்து, கடல்கள் இனி எங்களுக்கு அகழியல்ல, எந்த நாடும் தனியாகத் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்ற கருத்துப்பட உரையாற்றினார். தொலைதூர விமானங்களும் ஏவுகணைகளும் தூரத்தை அழித்துவிட்டன என்பது அவருடைய வாதத்தின் மையம். இன்னொன்றும் இருந்தது. மிச்சிகனில் போலந்து வம்சாவளியினர் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். போலந்தை சோவியத் ஒன்றியம் என்ன செய்யப்போகிறது என்பது அவருக்கு வெளிநாட்டு விடயமாக மட்டும் இருக்கவில்லை, வாக்காளர்களின் விடயமாகவும் இருந்தது. புலம்பெயர்ந்தவர்களின் குரல் ஒரு செனட்டரின் காதுக்குப் போய்ச் சேரும் வழி அது. அந்தக் குரல் கேட்டது என்பதும், ஆனாலும் போலந்துக்கு அப்போது விடுதலை கிடைக்கவில்லை என்பதும் இரண்டும் உண்மை.

வில்சன் செய்த தவறை ரூஸ்வெல்ட் செய்யவில்லை. எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் வண்டன்பேர்க்கை ஐ.நா. சாசனம் எழுதும் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கான குழுவில் சேர்த்தார். 1945 ஜூன் 26இல் 50 நாடுகள் சாசனத்தில் கையொப்பமிட்டன. ஜூலை 28இல் அமெரிக்க செனட் 89க்கு 2 என்ற வாக்குகளில் அதை ஏற்றது. 25 ஆண்டுகளுக்கு முன் 7 வாக்குகளால் தோற்ற அதே சபை.

பிரித்தானியா கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் உதவி செய்ய இனி வசதியில்லை என்று 1947 பெப்ரவரியில் அறிவித்தபோது, ஜனாதிபதி ட்ரூமன் 400 மில்லியன் டொலர் கேட்டார். செனட்டின் வெளியுறவுக் குழுத் தலைவராக வண்டன்பேர்க் அதை நிறைவேற்ற உதவினார். 1948இல் மார்ஷல் திட்டம் சட்டமாகி, மேற்கு ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய 13 பில்லியன் டொலர் போனது. 1949 ஏப்ரல் 4இல் 12 நாடுகளுடன் நேட்டோ பிறந்தது. வாஷிங்டனின் ஆலோசனைக்கு 153 ஆண்டுகளின் பின் விடைகொடுக்கப்பட்டது. சோவியத் பற்றிய பயமும், ஐரோப்பா எழும்பாவிட்டால் அமெரிக்கப் பொருட்களை வாங்க ஆளில்லை என்ற கணக்கும் இல்லாமல் இவை நடந்திருக்காது.

பூட்டோடு கட்டப்பட்ட வீடு

ஐ.நா.வுக்குள் அமெரிக்கா வந்தது நிபந்தனையோடுதான். பாதுகாப்புச் சபையில் ஐந்து நாடுகளுக்கு வீட்டோ அதிகாரம் இருக்க வேண்டும் என்பதில் சோவியத்தைப் போலவே அமெரிக்காவும் உறுதியாக நின்றது. அது இல்லாமல் செனட் ஒப்புக்கொண்டிருக்காது. ஒரு நாட்டின் உள்விவகாரங்களில் தலையிடுவதற்கு இந்தச் சாசனம் அதிகாரம் தரவில்லை என்று 2ஆவது உறுப்புரையின் 7ஆவது பந்தியும் எழுதப்பட்டது. எங்கள் விடயத்தில் பல தடவை நாங்கள் கேட்ட “உள்விவகாரம்” என்ற சொல், அந்தச் சாசனத்தின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது.

இனப்படுகொலையைத் தடுக்கும் ஐ.நா. சமவாயம் 1948 டிசம்பரில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அமெரிக்கா இரண்டு நாட்களில் கையொப்பமிட்டது. ஆனால் அதை முழுமையாக உறுதிப்படுத்த 1988 வரை, அதாவது 40 ஆண்டுகள் எடுத்தது. விஸ்கொன்சின் செனட்டர் வில்லியம் ப்ரொக்ஸ்மயர் 1967 தொடக்கம் அதற்காக 3,000க்கும் அதிகமான உரைகளை செனட்டில் ஆற்றினார். அநேகமாக ஒவ்வொரு அமர்வு நாளிலும் ஓர் உரை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டத்தில் அமெரிக்கா இன்றுவரை உறுப்பினரல்ல. இலங்கையும் அப்படியே.

எங்கள் பக்கத்தில் தெரிந்தது

2009 மே 13இல் ஜனாதிபதி ஒபாமா வெள்ளை மாளிகையில் எங்களைப் பற்றிப் பேசினார். புலிகள் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும், அரசாங்கம் கண்மூடித்தனமான ஷெல் தாக்குதலை நிறுத்த வேண்டும் என்றார். வன்னியில் அந்த நாட்களில் பற்றரி றேடியோவைக் காதில் வைத்திருந்தவர்களுக்கு அந்தச் செய்தி எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது தெரியும். சில நாட்களில் எல்லாம் முடிந்தது. பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சி நிரலில் இலங்கை ஒருபோதும் ஏறவில்லை.

அந்த மாத இறுதியில் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவையின் விசேட அமர்வு நடந்தது. போர் முடிவை வரவேற்று, இலங்கையே முன்வைத்த தீர்மானம் 29க்கு 12 வாக்குகளில் நிறைவேறியது. அந்த வாக்கெடுப்பில் அமெரிக்காவுக்கு வாக்கே இல்லை. பேரவை 2006இல் உருவானபோது அதை எதிர்த்த அமெரிக்கா, அதில் சேராமல் ஒதுங்கியிருந்தது. அதன் முதல் பதவிக்காலம் தொடங்கியது 2009 ஜூனில்.

உள்ளே வந்தபின் நிலைமை மாறியது. 2012இல் 24க்கு 15, 2013இல் 25க்கு 13, 2014இல் 23க்கு 12 என்ற வாக்குகளில் இலங்கை பற்றிய தீர்மானங்கள் நிறைவேறின. முன்னின்று கொண்டுவந்தது அமெரிக்கா. 2014ஆம் ஆண்டின் தீர்மானம்தான் ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகத்தின் விசாரணைக்கு வழிவகுத்தது. 2015இல் இலங்கையின் இணை அனுசரணையோடு 30/1 தீர்மானம் வந்தது. 2018 ஜூனில் அமெரிக்கா பேரவையை விட்டு வெளியேறியது. ஆகவே 2021இல் 46/1 தீர்மானத்தைப் பிரித்தானியா முன்னின்று கொண்டுவந்தது. 2022இல் திரும்பி வந்த அமெரிக்கா, 2025 பெப்ரவரியில் மீண்டும் விலகுவதாக அறிவித்தது. அதற்கு முந்திய மாதம் வெளிநாட்டு உதவிகள் நிறுத்தி வைக்கப்பட்டபோது, உலகெங்கும் அமெரிக்க நிதியில் நடந்த மிதிவெடி அகற்றல் பணிகளும் அதற்குள் சிக்கின. வடக்கின் வயல்களில் மிதிவெடி அகற்றுவதற்கு நீண்டகாலம் நிதி தந்த நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று.

“அமெரிக்கா முதலில்” என்ற பழைய வாசகம் திரும்பி வந்திருப்பது தற்செயலானது அல்ல. அந்த வாதம் 1941இல் கலைந்ததே தவிர, முடிந்துபோகவில்லை.

அந்த அம்மாவுக்கு

இந்த வரலாற்றில் இருந்து நான் எடுத்துக்கொள்வது மூன்று விடயங்கள்.

முதலாவது, துன்பத்தின் அளவு மட்டும் எந்த நாட்டையும் நகர்த்தியதில்லை. சொந்தப் பாதுகாப்பு, சொந்தச் சந்தை, சொந்த வாக்காளர் என்று உள்ளே ஒரு காரணம் வேண்டும். இதைச் சொல்வதால் எங்கள் துன்பம் சிறிதாகிவிடாது. எங்கள் கண்ணீர் போதவில்லை, சாட்சி போதவில்லை என்று எங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை என்பதும் இதில் அடங்கும்.

இரண்டாவது, மாற்றம் ஒரே நாளில் நடந்ததாகத் தோன்றினாலும், அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான வேலை இருக்கிறது. நிதித் திணைக்களத்தில் ஆவணம் சேர்த்த இளம் அதிகாரிகள், 3,000 தடவை எழுந்து பேசிய ஒரு செனட்டர், தங்கள் தொகுதிப் பிரதிநிதிக்குத் தொடர்ந்து எழுதிய மக்கள் என்று அதைச் செய்தவர்கள் பலர். கதவு திறக்கும் நேரம் வந்தபோது இவர்களின் கோப்புகள் ஆயத்தமாக இருந்தன. பெயர், திகதி, இடம், சாட்சியம் என்று எங்கள் அம்மாக்கள் இத்தனை ஆண்டுகள் காத்துவைத்திருப்பதும் அப்படியான கோப்புகள்தான்.

மூன்றாவது, திறந்த கதவு மூடவும் கூடும். ஆகவே ஒரே கதவின் முன் மட்டும் நிற்பது ஆபத்து. 2018இல் ஒரு நாடு போனபோது வேறு நாடுகள் தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டதால்தான், சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறிமுறை 2021இல் உருவானது.

கொடி பிடித்த அந்த அம்மாக்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. உள்நாட்டில் தட்டிய எல்லாக் கதவுகளும் திறக்காதபோது, தூரத்தில் தெரியும் விளக்கைப் பார்த்துக் கை அசைப்பது மனித இயல்பு. ஆனால் அடுத்தமுறை யாராவது “அமெரிக்கா வரும் எல்லோ?” என்று கேட்டால், நான் “தெரியாது” என்பதோடு நிறுத்தப்போவதில்லை. “அவர்கள் தங்கள் தேவைக்குத்தான் வருவார்கள் அம்மா, வந்தாலும் போகக்கூடும். நீங்கள் வைத்திருக்கும் அந்தக் கோப்பைக் கவனமாக வைத்திருங்கோ, இன்னொரு பிரதி எடுத்து வேறிடத்திலும் வையுங்கோ” என்று சொல்வேன்.